ஆறு படிகளில் ஒரு பிறப்பு

சக்கரவர்த்தி பிறந்த கதையைப் பதினோரு வருடமாக எழுதிவந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை, மாகாணத்தின் நாற்பது ஊர்களுக்கு நாற்பது பிரதிகள். அரசாங்க அறிவிப்புக் கூடத்தில் நாங்கள் ஏழு எழுத்தர்கள். நீளமான ஒரே மேசை, இரு பக்கமும் சாய்மானம் இல்லாத பெஞ்சுகள், தெற்குச் சுவரில் உயரத்தில் மூன்று ஜன்னல்கள். வெளிச்சம் முதல் ஜன்னலிலிருந்து மூன்றாவதுக்கு நகர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது.

பிறப்பு அறிவிப்புக்கு ஒரு கட்டு உண்டு. ஆறு படி என்போம். முதலில் குலவரிசை. இரண்டாவது, தாய் கண்ட கனவு. மூன்றாவது, வானத்தில் தோன்றிய அடையாளம். நான்காவது, அதைக் கண்டு வந்து வணங்கியவர்கள். ஐந்தாவது, குழந்தைக்கு வந்த ஆபத்தும் அது தப்பித்த விதமும். ஆறாவது, இதனால் உலகுக்கு நற்செய்தி, பூமிக்குச் சமாதானம். பத்திக்கு இருபத்தெட்டு வரி. ஒவ்வொரு படியின் முதல் இரண்டு எழுத்துகளையும் ஓரக்கோட்டுக்கு வெளியே தள்ளி எழுத வேண்டும். சந்தைத் திடலில் நின்று உரக்க வாசிப்பவன் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினால், கண் நேராக அங்கே போய் விழும். அப்படி எழுதும் வழக்கம் எங்கள் கூடத்தில் மட்டும்தான்.

இதையெல்லாம் பார்த்தது யார் என்று எங்களில் எவரும் கேட்டதில்லை. அவர் அரியணை ஏறிய பிறகுதான் அவர் பிறப்பை எழுதினார்கள் என்பது தெரியும். ஆளுகிறவருக்கு ஒரு தொடக்கம் வேண்டும். எழுதினோம்.

என் மனைவி ஒரு பகல் நேரத்தில், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, உங்க கையெழுத்து எங்களுக்கு வேணும்."

"எங்களுக்குன்னா யாருக்கு?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு வருடமாக வாரம் ஒருமுறை அவள் சாயக்காரியின் வீட்டுக்குப் போவது எனக்குத் தெரியும். கிறிஸ்துவின் ஆட்கள் என்று ஊர் கேலியாகச் சொல்லும் கூட்டம் அங்கே கூடுவதும் தெரியும். தெரியாததுபோல இருப்பது என் வேலையாக இருந்தது.

"அவர் சொன்னது, செஞ்சது, செத்தது எல்லாம் எழுதின சுருள் எங்ககிட்ட இருக்கு," என்றாள். "ஆனா அது அவர் பெரியவரா வர்றதுலதான் ஆரம்பிக்குது. படிச்சுக் காட்டினா ஜனங்க நல்லாத்தான் கேக்கறாங்க. கடைசியில, 'சரிதான், குற்றவாளின்னு ஆணியடிச்சுத்தானே கொன்னாங்க'ன்னு எழுந்து போயிடறாங்க. பிறப்பையும் எழுதி மூணு ஊருக்கு அனுப்பணும்."

"தெரியாத்தனமாக் கேக்கறியா, தெரிஞ்சு கேக்கறியா?"

"நீங்க மாட்டேன்னா, தெருமுனையில உக்காந்து மனு எழுதறவர்கிட்ட போகலாம்னு பேசிக்கிட்டு இருக்காங்க."

அந்த ஆள் மனு எழுதுவது பாதி நேரம்தான். யார் என்ன எழுத வந்தார்கள் என்று காவலர்களிடம் போய்ச் சொல்வது மீதி நேரம். அவனிடம் போனால் மாலைக்குள் என் மனைவி பெயரும் போய்ச் சேர்ந்திருக்கும். நான் எழுத ஒப்புக்கொண்டது பக்தியால் இல்லை, பயத்தால். இதை ஒளித்து ஆவதொன்றும் இல்லை.

சாயக்காரியின் மாடி அறை ஈரத்துணிகளால் ஆனது. கூரையிலிருந்து நீலமும் காவியுமாகத் துணிகள் தொங்கும். அவற்றை விலக்கிக்கொண்டு போனால் ஜன்னலோரம் ஒரு பலகை. அங்கே என்னை உட்கார வைத்தார். முழங்கைவரை நீலமான கைகள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத நிறம். தொட்டியைக் கிளறியபடியே சொல்லுவார், நான் எழுத வேண்டும்.

நான்காவது வாக்கியத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"அக்கா, நட்சத்திரத்தைப் பார்த்தது யாரு?"

"உங்க சக்கரவர்த்தி பிறந்தப்ப ஒண்ணு வந்துச்சே தம்பி, அதைப் பார்த்தது யாரு?"

"அதைக் கேக்கக் கூடாது."

"இதை மட்டும் கேக்கலாமாக்கும்." கிளறும் கோலைத் தொட்டியின் விளிம்பில் தட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "கேளு, தப்பில்ல. ஒரு ஊர்ல, ஆடு மேய்க்கறவங்க வந்து பார்த்தாங்கன்னு சொல்றாங்க. இன்னொரு ஊர்ல, கிழக்கேயிருந்து நட்சத்திரம் படிக்கறவங்க வந்தாங்கன்னு சொல்றாங்க. நான் ரெண்டு பேரையும் உள்ள விடறேன். வாசல் அகலமாத்தான் இருக்கு."

"நீங்க சொல்றது எங்க ஆறு படி. வரிசை மாறாம அப்படியே வருது. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன. வருஷா வருஷம் சந்தையில நின்னு கேக்கறேன். ஊருக்கே மனப்பாடம். தெரிஞ்ச வழியில கூட்டிக்கிட்டுப் போனாத்தான் ஜனங்க பின்னாடியே வருவாங்க. வழி ஒண்ணுதான் தம்பி, போய்ச் சேர்ற இடம் வேற."

"அதுக்கு எதுக்குப் பிறப்பு? அவர் சொன்னதே போதாதா?"

"சாவு எப்படின்னு ஊருக்கே தெரியும். செத்தது யாருன்னுதான் தெரியல. அதைச் சொல்லத்தான் பிறப்பு."

நான் மறுபடி எழுதினேன். முதல் படியில், குலவரிசையில், எங்கள் அறிவிப்பில் தேவர்கள் வருவார்கள். இவர்கள் வரிசையிலும் ஓர் அரசன் வந்தான். ஆனால் இடையிடையே, எவரும் வெளியில் சொல்லத் தயங்கும் பெண்கள் வந்தார்கள். நான்காம் படியில் மந்திரிகளுக்குப் பதில் ஆட்டு வாடை அடிக்கும் ஆட்கள். ஐந்தாம் படி வந்தபோதுதான் என் கை கனத்தது. எங்கள் அறிவிப்பில் ஆபத்திலிருந்து தப்பும் குழந்தைதான் பின்னால் அரசனாகும். இதில் ஆபத்தே அரசன்தான். ஊரிலுள்ள பச்சைக் குழந்தைகளை வெட்டச் சொல்லி ஆள் அனுப்புகிறான். இந்த ஒரு படிக்கே தலை போகும். ஆறாம் படியில் "நற்செய்தி" என்ற சொல்லை, எங்கள் கூடம் சக்கரவர்த்திக்கு மட்டும் எடுக்கும் சொல்லை, ஒரு தச்சனின் வீட்டுப் பிள்ளைக்கு எடுத்து எழுதினேன்.

இரண்டு சுருள்கள் எழுதும்வரை கவனமாக இருந்தேன். வரிகளை வேண்டுமென்றே குறுக்கினேன், எழுத்தைச் சாய்த்தேன். மூன்றாவதன் தலைப்பை எழுதிக்கொண்டிருந்த நண்பகலில் படிக்கட்டில் இரும்பு ஆணி வைத்த செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு சிப்பாய். என் பேனா நின்ற இடத்திலேயே நின்றது. நுனியிலிருந்து ஒரு பெரிய துளி மை தாளில் விழுந்தது. தாளைப் பலகைக்கு அடியில் தள்ளினேன்.

"மேலங்கி காஞ்சுதா?" துணிகளுக்கு அந்தப் பக்கம் கேட்டான் சிப்பாய்.

"நேத்து நனைச்சதை இன்னைக்குக் கேக்கறீங்களே. சூரியனை நான் என்ன சாட்டையாலயா அடிக்க முடியும்? நாளைக்கு வாங்க," என்றார் சாயக்காரி.

அவன் சிரித்துவிட்டுப் போனான். நான் அதன்பிறகு அங்கே இருந்து கிளம்பினால் போதும் என்று எழுதினேன். அவசரத்தில் மனம் விலகிக்கொள்ள, கை தன்பாட்டுக்கு ஓடியது. பதினோரு வருடம் பழகிய கை. என்ன செய்தது என்று அப்போது நான் பார்க்கவில்லை.

மூன்றாவது சுருளைத் துணி மூட்டைக்குள் வைத்து எடுத்துப்போன ஆள், ஊர் வாசலில் மூட்டையை அவிழ்க்கச் சொன்னதும் போட்டுவிட்டுக் கூட்டத்தில் ஓடிவிட்டான். இதை மனைவி என்னிடம் சொன்னாள். ஆள் பிடிபடவில்லை என்று நான் மூச்சு விட்டது ஒரே ஒரு இரவு.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் மாடியிலிருந்து இறங்கி எங்கள் கூடத்துக்கு வந்தார். மாகாண அறிவிப்புகள் அனைத்தும் அவர் முத்திரை விழுந்த பிறகுதான் வெளியே போகும். மெலிந்த மனிதர், குரல் உயர்த்தாதவர். கையிலிருந்த சுருளை நீள மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் எங்கள் மைக்கூடுகளையே எடுத்து வைத்தார்.

"எண்ணிப் பாருங்க," என்றார்.

பத்திக்கு இருபத்தெட்டு வரி. ஆறு இடங்களில் இரண்டிரண்டு எழுத்துகள் ஓரக்கோட்டைத் தாண்டி நின்றன. நான் எண்ணவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"இதை எழுதினவன் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்கான்."

அந்த நேரம் பார்த்து, நாங்கள் தும்மல் என்று கூப்பிடும் பையன் தும்மினான். கரி மைப் பொடி அவனுக்கு ஆகாது. ஒரு நாளைக்கு இருபது தடவை தும்முவான், தாளில் மை தெறிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். எழுவரில் இளையவன், கல்யாணமாகி எட்டு மாதம். அவனும் நானும் இதே கூடத்தில் ஒரே மாதிரிச் சுருளைப் பார்த்து எழுதிப் பழகியதால் இருவர் கையெழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

மேற்பார்வையாளர் சுருளிலிருந்த மைத்துளியைப் பார்த்தார். தும்மலைப் பார்த்தார்.

"ஐயா, நான் இல்லீங்க," என்றான் தும்மல். மறுபடி தும்மினான். இரண்டு காவலர்கள் அவனைத் தாள் வைக்கும் கிடங்கறைக்குக் கூட்டிப்போனார்கள்.

பிறகு மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். "நீதான் இங்க மூத்தவன். எதையும் ஒழுங்கா, வரிசையாச் செய்யறவன்னு பேர். ஏழு பேர் கையெழுத்தையும் இதோட ஒப்பிட்டு ஓர் அறிக்கை கொடு. மூணு நாள்."

திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை என்று யாராவது சிரிக்கலாம். சாவி என் கையைச் சுட்டது. வீட்டுக்குப் போனேன். மனைவி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம். நான் மாட்டினால் அவளும் சேர்ந்துதான். சொல்லாமல் இருந்தால் தும்மல். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி?

கிடங்கறை எங்கள் கூடத்துக்கு ஒட்டினாற்போல இருந்தது. அறிக்கை எழுதிய மூன்று பகலும் சுவருக்கு அப்பாலிருந்து தும்மும் சத்தம் கேட்டது. இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் இல்லவே இல்லை. சத்தம் கேட்டபோது பயந்தேன். கேட்காதபோது அதைவிடப் பயந்தேன்.

அறிக்கையில் நான் எழுதியவை இவை. ஒன்று, இந்த ஆறு படி எங்கள் கூடத்தின் தனிச்சொத்து அல்ல. சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில்கூட, ஒருவரைப் புகழ்ந்து எழுது என்றால் குலம், கனவு, அறிகுறி, வணக்கம், ஆபத்து, பேறு என்று இதே வரிசையைத்தான் சொல்லித்தருகிறார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். ஆகவே இது ஒரு பயிற்சி. இரண்டு, பழைய அறிவிப்புகள் சந்தையில் பொட்டலம் கட்டப் போகின்றன. ஓரம் தள்ளி எழுதுவதை எவரும் பார்த்துப் பழகலாம். மூன்று, தும்மினால் மை பல சிறு துளிகளாகச் சிதறும். இதில் இருப்பது ஒரே துளி, பெரியது, பேனா நின்ற இடத்தில் விழுந்தது. ஆகவே அவன் கை அல்ல.

மேற்பார்வையாளரின் அறையில் ஒரு மேசை, ஒரு கரி அடுப்பு, பூட்டிய அலமாரி. அவர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். என்னை நிற்க வைத்தே படித்தார்.

"கை ஏன் நின்னுது?"

"தெரியலீங்க ஐயா. பயமா இருக்கலாம்."

"ம்." தாளைத் திருப்பினார். "பள்ளிக்கூடப் பயிற்சிங்கற. பயிற்சின்னா இதுல இருக்கறது எதுவும் நடந்தது இல்ல. சரியா?"

"ஆமாங்க ஐயா."

"சக்கரவர்த்தி பிறப்பும் இதே ஆறு படிதான்."

அறிக்கையை மேசையில் வைத்தார்.

"அதுவும் பயிற்சியா?" மெதுவாகத்தான் கேட்டார். "இல்லைன்னு சொன்னா இதுவும் பயிற்சி இல்ல. ஆமான்னு சொன்னா, அதைச் சொன்ன வாயை நான் என்ன செய்யணும்னு சட்டத்துல இருக்கு. யோசிச்சுச் சொல்லு."

பொய்யை யோசிக்கும் இடம் தலைக்குள் காலியாக இருந்தது. கேட்ட வார்த்தை மட்டும் இருந்தது; அது தானாக வந்தது.

"வழி ஒண்ணுதாங்க ஐயா. போய்ச் சேர்ற இடம் வேற. சக்கரவர்த்தி ஆளறாருன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மேல பிறப்பை வைக்கறோம். இது அப்படி இல்ல. சாவு எப்படின்னு ஊருக்கே தெரியும், செத்தது யாருன்னுதான்…"

நிறுத்திவிட்டேன். தாமதமாகத்தான் நிறுத்தினேன் என்று தெரிந்தது.

மேற்பார்வையாளர் சுருளை எடுத்து, கடைசிவரை விரித்துப் பார்த்தார்.

"இதுல சாவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே," என்றார்.

அடுப்பில் கரி ஒன்று வெடித்தது. கீழே தெருவில் யாரோ கழுதையைத் திட்டிக்கொண்டு போனார்கள். என் மனைவி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். குடத்தோடு நிற்பாளாக இருக்கும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேனே என்று இருந்தது.

"பதினோரு வருஷம்," என்றார் அவர். "நாற்பது ஊர். எல்லாம் உன் பொறுப்புல எழுதினது. கீழ யார் முத்திரை?"

"உங்க முத்திரைங்க ஐயா."

"வரி வரியாப் பார்த்துட்டுத்தான் வைக்கறேன்னு வருஷா வருஷம் தலைநகருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்." அவர் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. "சக்கரவர்த்தி பிறப்பை எழுதின கை இதையும் எழுதுச்சுன்னு நான் மேல எழுதினா, முதல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க."

அறிக்கையை அடுப்பில் போட்டார். பிறகு சுருளை. நாணல் தாள் முதலில் சுருண்டது, அப்புறம்தான் எரிந்தது. இருவரும் அது முடியும்வரை பார்த்தோம்.

"அந்தப் பையனை விட்டுடறேன். இந்தச் சுருள் வரவே இல்ல. அவன்கிட்டயோ வேற எவன்கிட்டயோ இதைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசினாலும் எனக்கு வந்து சேரும். வந்தா, நான் முந்திக்குவேன். புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

வெளியே நல்ல வெயில். தும்மலைக் கிடங்கறையிலிருந்து கொண்டுவந்து வாசலில் விட்டார்கள். உதடு கிழிந்திருந்தது. இடது கையை மார்போடு ஒட்டி வைத்திருந்தான். அவன் வீடும் என் வீடும் ஒரே பக்கம். சேர்ந்து நடந்தோம். செருப்புத் தைப்பவர்களின் தெரு, பானைக்காரர் தெரு, அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டி.

தொட்டியருகே அவன் உட்கார்ந்தான். ஒரு கையால் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

"அண்ணே."

"சொல்லு."

"எழுதினேன்னு ஒத்துக்கோ, விட்டுடறோம்னாங்க. என்ன எழுதினேன்னு கேட்டேன். அதுக்கும் அடிச்சாங்க." கிழிந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தான். "மூணு நாள் உள்ள இருந்துட்டேன். அதுல என்னதான் இருந்துச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியாது. அறிக்கை எழுதினது நீங்கதான்னாங்க, படிச்சீங்கல்ல?"

இந்தக் கேள்வி அவனுடையதா, கேட்டுவா என்று சொல்லி அனுப்பியதா? அவன் கண்ணைப் பார்த்தேன். வீங்கியிருந்த கண்ணில் ஒன்றும் படிக்க முடியவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒருவன் கூடை முடைந்துகொண்டிருந்தான். அவன் அங்கே தினமும் உட்காருகிறவனா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன், நினைவு வரவில்லை. எழுந்து போயிருக்கலாம். வீட்டுக்கு நூறு அடிதான்.

"அந்த மைத்துளி என்னுதுடா," என்றேன்.

தும்மல் என்னையே பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நகர்ந்து எனக்கு உட்கார இடம்விட்டான்.

"அப்ப நீங்கதான் சொல்லணும்," என்றான்.

இரண்டு சிப்பாய்கள் தண்ணீர் குடிக்க வந்தார்கள். குனிந்து குடித்தார்கள், வாயைத் துடைத்துக்கொண்டார்கள், ஒருவன் தும்மலின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். அவர்கள் தெருக்கோடி திரும்பும்வரை நாங்கள் அசையவில்லை.

குலவரிசையிலிருந்து தொடங்குவதுதான் முறை. பதினோரு வருடம் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். அங்கே அது வாயில் வரவில்லை.

"ஊர்ல பயங்கரக் கூட்டம்," என்றேன், அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "எங்க போனாலும் தங்க இடமில்ல. அவளுக்கு வலி வந்துடுச்சு."

"அப்புறம்?" என்றான் தும்மல்.